ஹெரால்டின் பின்கதவு

டிரையம்ப் ஹெரால்டு காருக்கு இங்கிலாந்தில் இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது. அதற்கென்று சங்கங்கள் இருக்கின்றன, கடைகள் இருக்கின்றன. கதவின் வெளித்தகடு முதல் ஜன்னல் ரப்பர் வரை எண் போட்டு விற்கிறார்கள். அந்தக் காரைத்தான் நாம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் அறிவோம். ஆனால் 1968இல் சென்னையிலிருந்து வந்த மார்க் 3 ஹெரால்டின் பின்கதவை அந்தக் கடைகளில் தேடிப் பயனில்லை. பிரிட்டனில் விற்ற ஹெரால்டுகளுக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். பின்சீட்டில் உட்காருபவர் முன்சீட்டை மடக்கிவிட்டு உள்ளே நுழைய வேண்டும். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. நான்கு கதவுக்கு இடம் பிரிக்கும்போது முன்கதவும் குறுகும். ஆகவே பின்கதவு மட்டுமல்ல, அந்த வண்டியின் எந்தக் கதவுக்கும் சீமையில் மாற்று இல்லை. பழைய காரைப் புதுப்பிப்பது என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் நிலைக்கு அதைத் திருப்புவது என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சென்னையின் மேற்குப் புறநகரில், பூந்தமல்லி, அம்பத்தூர், காட்டுப்பாக்கம் பக்கத்துப் பட்டறைகளில் நடக்கும் வேலைக்கு இந்த விளக்கம் பொருந்தாது என்பது என் கருத்து. இந்த ஊரில் கார்க் கதவு தொடக்கத்திலிருந்தே கைவேலை. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பழுது வரலாறு உண்டு. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு அசல் என்று ஒன்றைத் தேடுவது பொருளற்றது.

கைவேலை என்று சொல்வதற்கு ஆதாரம் காருக்கும் முந்தியது. மவுண்ட் ரோட்டின் சிம்ப்சன் நிறுவனம் 1840இல் தொடங்கியபோது செய்தது குதிரைச் சேணமும் கோச்சு வண்டியும். அந்த நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். மரச் சட்டத்தில் தகட்டை வளைத்து அறைவது, கதவைக் கீலில் தொங்கவிட்டு இடைவெளியை இழைத்துச் சரிசெய்வது, கண்ணாடியைக் கதவுக்குள்ளேயே இறக்கித் தோல்வாரால் ஏற்றுவது ஆகியவை எல்லாம் கோச்சு வண்டிக்காரர்களின் தொழில்நுணுக்கங்கள். கார் வந்தபோது இயந்திரம்தான் புதிது. உடல் பழைய கைகளிடமே வந்தது. தொடக்க காலக் கார்கள் பலவற்றில் பக்கக் கண்ணாடியே கிடையாது. மழை வந்தால் கித்தான் திரையைப் பொத்தானில் மாட்ட வேண்டும். வெளியே பார்ப்பதற்கு அதில் மைக்காவோ செல்லுலாய்டோ தைத்திருப்பார்கள். மூடிய உடலும் பிடியைச் சுற்றினால் ஏறி இறங்கும் ஜன்னலும் பரவலானது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். அடிச்சட்டமும் இயந்திரமும் கப்பலில் வந்து, உடலை உள்ளூரில் கட்டிக்கொள்ளும் வழக்கம் அந்தக் காலத்தில் உலகெங்கும் இருந்தது. அப்படிக் கட்டிய வண்டியில் இடது கதவை வலது கதவோடு ஒப்பிட்டால்கூட நூலளவு வித்தியாசம் இருக்கும். அசல் அளவு என்ற ஒன்று அந்த வண்டிக்கு வெளியே எங்கும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் இந்த நிலை மாறியிருக்க வேண்டும். 1948இல் இரண்டு முயற்சிகள் சென்னையில் தொடங்கின. எண்ணூரில் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கி ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டினார். சில ஆண்டுகளில் அது லாரிப் பக்கம் திரும்பி 1955இல் அசோக் லேலண்டு ஆனது. இன்னொன்று ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். வண்டலூர், பெருங்களத்தூர் பக்கத்தில் தொழிற்சாலை கட்டி, வேன்கார்டில் ஆரம்பித்து, ஸ்டாண்டர்டு எய்ட், டென் என்று போய், 1961இல் ஹெரால்டுக்கு வந்தது. இடையில் 1953இல் டாரிஃப் கமிஷன், வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இங்கே இடமில்லை, உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கே அனுமதி என்ற நிலையை எடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அதன் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியர் வாங்கக்கூடிய கார் மூன்றே வகை: உத்தரபாராவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு. பணம் இருந்தாலும் உடனே கிடைக்காது. 1959ஆம் ஆண்டின் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு, கார் என்பது பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் பொருளானது. அப்படிக் கிடைத்ததை யாரும் பத்து வருடத்தில் காயலான் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். கதவு உளுத்தால் கதவை மாற்றுவார்கள், தகடு கிடைக்காவிட்டால் தகட்டைத் தட்டிக்கொள்வார்கள். வண்டி கைமாறும், மறுபடி தட்டுவார்கள்.

இதே காலத்தில்தான் நகரின் மேற்கே உதிரிபாகத் தொழில் ஒரு வளையமாக எழுந்தது. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ், பிறகு டன்லப். பாடியில் 1960இல் வீல்ஸ் இந்தியா, 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும், 1966இல் சுந்தரம் ஃபாசனர்ஸ். 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1965இல் விஜயந்தா டாங்கியையே வெளியே ஓட்டிவிட்டது. சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று அழைக்கும் பெருமைக்கு அடித்தளம் இதுதான். இந்தப் பட்டியலை நிதானமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். சக்கரம், பிரேக், டைனமோ, விளக்கு, போல்ட், டயர் எல்லாம் இருக்கின்றன, கதவு இல்லை. இது தற்செயலாக நேர்ந்ததாகத் தோன்றவில்லை. பிரேக் சிலிண்டரை ஒருவர் செய்து மூன்று கார்க் கம்பெனிகளுக்கும் லாரிக்காரருக்கும் விற்கலாம். ஹெரால்டின் கதவை ஹெரால்டுக்கு மட்டும்தான் விற்க முடியும். அதற்கான அச்சும் அழுத்து இயந்திரமும் கார்க் கம்பெனியின் கூரைக்குள்ளேயே இருந்தன. கம்பெனி உயிரோடு இருக்கும்வரை இந்த வேறுபாடு யாருக்கும் உறைக்காது. அது மூடப்பட்ட மறுநாள், சக்கரமும் பிரேக்கும் கடையில் இருக்கும், கதவு இருக்காது. பழைய காரைச் செப்பனிடுபவர் என்ஜினைவிடக் கதவுக்கு அலைவது ஏன் என்ற கேள்விக்கு அறுபதுகளின் அந்தத் தொழில் பங்கீட்டிலேயே விடை இருக்கிறது.

ஹெரால்டின் கதவுக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. அந்தக் காரை வரைந்தவர் இத்தாலியின் டுரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. பிரிட்டனில் அது 1959இல் வெளியானது. மற்ற கார்கள் எல்லாம் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைத்த கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், ஹெரால்டு மட்டும் தனி அடிச்சட்டத்தின்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் உடலோடு வந்தது. அங்கே ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனத்துக்கு உடல் செய்துகொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் அழுத்தித்தர ஆள் இல்லாததால், பல இடங்களில் செய்து பூட்டிக்கொள்ளும்படி காரை வடிவமைத்தார்கள். அங்கே நெருக்கடிக்குப் பிறந்த ஏற்பாடு இங்கே வசதியாகியிருக்கும். வலுவெல்லாம் அடிச்சட்டத்தில் இருப்பதால், மேலே இருக்கும் உடலை வெட்டி, நடுத்தூணை நகர்த்தி, இரண்டு கதவை நான்காக்குவது ஒற்றைக் கூட்டு உடலில் செய்வதைவிட எளிது. தேவையும் இருந்தது. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவு. டிரைவர் வைத்து ஓட்டும் வீட்டில் முதலாளி பின்சீட்டுக்காரர். பாட்டியும் பேரக்குழந்தைகளும் ஏறும் குடும்பத்தில் முன்சீட்டை மடக்கச் சொல்ல முடியாது. 1972 வாக்கில் வந்த கேஸல், உடலையே இங்கே மாற்றி வரைந்து, நான்கு கதவோடுதான் வந்தது. ஆக, சீமைக் காரின் நகல் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் வண்டியின் கதவு, சென்னையின் சொந்தத் தீர்மானம். அதை வரைந்தவர்களின் பெயர்கள் வெளியே பேசப்படுவதில்லை. மிக்கெலோட்டியின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது.

ஸ்டாண்டர்டு ஆலை 1988இல் மூடப்பட்டது. கடைசியாக அது செய்தது, பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 உடலில் பழைய வேன்கார்டு என்ஜினின் வழிவந்த ஒன்றைப் பொருத்திய ஸ்டாண்டர்டு 2000. அந்தக் கார் விற்கவில்லை. மிஞ்சிய உதிரிபாகங்களைப் பிற்பாடு ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் உதிரிபாக நிறுவனம் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனது. சென்னைக்காக வாங்கிவந்த அச்சில் சென்னையில் தட்டிய தகடு, இங்கிலாந்தின் ரோவர் பிரியர்களுக்குப் போனது! ஆலை இருந்த இடத்தில் இன்று தகவல்தொழில்நுட்ப வளாகம் நிற்கிறது. ஹெரால்டுக்கோ கேஸலுக்கோ அப்படி வாங்க ஆள் வரவில்லை. வெளியே அந்த வண்டிகள் இல்லாதபோது யார் வாங்குவார்கள்? மிச்சமிருந்த கதவுகளுக்கு இடம் புதுப்பேட்டைக் கடைகளின் பின்கட்டும், யாரோ ஒருவர் வீட்டு ஷெட்டும்தான். அவையும் தீர்ந்தபோது தகடு தட்டுபவர் மட்டும் மிஞ்சினார்.

இங்கேதான் காட்டுப்பாக்கம் வருகிறது. பரங்கிமலையையும் பூந்தமல்லியையும் இணைக்கும் சாலையில், ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் நடுவில் இருக்கும் ஊர் அது. இரண்டு முனையிலும் வெள்ளைக்காரர் காலத்துப் படைமுகாம்கள். இன்று தலைக்குமேல் மெட்ரோ. வடகிழக்கே பாடி, அம்பத்தூர். மேற்கே, 1998இல் சான்ட்ரோவை வெளியிட்ட ஹூண்டாயின் இருங்காட்டுக்கோட்டையும், செயின்ட் கோபைன் 2000 முதல் மிதவைக் கண்ணாடி செய்துவரும் ஸ்ரீபெரும்புதூரும். தெற்கே பைபாஸில் ஏறினால் பெருங்களத்தூர். சக்கரமும் பிரேக்கும் செய்த ஊர், கண்ணாடி செய்யும் ஊர், கதவு செய்து நிறுத்திய ஊர் மூன்றுக்கும் இடையில் இருப்பதால் இந்த வட்டாரத்துப் பட்டறைக்கு ஒரு தனி வசதி உண்டு. டிங்கர், பெயின்டர், லேத், குஷன் கடை, கண்ணாடி வெட்டுபவர் எல்லோரும் சிறிது தூரத்துக்குள் இருக்க வேண்டிய தொழில் இது. மூன்று மாதம் பிரித்துப்போட்ட காருக்கு இரண்டு கார் நிற்கும் இடம் வேண்டும். மவுண்ட் ரோடு வாடகையில் அது நடக்காது. பட்டறைகள் மேற்கே நகர்ந்ததற்கு மரபைவிட வாடகையே பெரிய காரணம் என்று சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் நகர்ந்து வந்தவர்கள் கையில் கொண்டுவந்தது அந்த மூடிய சந்தைக் காலத்தின் பழக்கத்தை.

அந்தப் பழக்கம் எப்படிப்பட்டது என்பதைக் கதவு எப்படிக் கெடுகிறது என்பதிலிருந்து பார்க்க வேண்டும். கார்க் கதவு மழையை வெளியே நிறுத்துவதில்லை; உள்ளே விட்டு, கீழே வடியச் செய்கிறது. கண்ணாடியோடு வழியும் நீர் பீடிங்கைத் தாண்டிக் கதவின் குழிக்குள் இறங்கி, அடியில் உள்ள ஓட்டைகள் வழியே போய்விட வேண்டும். சேனலில் இருக்கும் கம்பளி உதிரும், தூசி சேரும், ஓட்டை அடைபடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் அங்கேயே தங்கும். வெளித்தகட்டை உள்சட்டத்தின்மேல் மடித்து நசுக்கியிருக்கும் அந்த அடிவிளிம்பில் பெயின்ட் ஒருபோதும் முழுதாகப் போய்ச் சேர்ந்ததில்லை. கடற்காற்றின் உப்பும் சேர, துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே சல்லடையாகிவிட்டிருக்கும். ஆகவே சென்னையில் நாற்பது வருடம் ஓடிய எந்தக் காரின் கதவிலும் கீழ் நான்கு விரல் தகடு தொழிற்சாலைத் தகடாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதை வெட்டி, புதுத் தகடு வைத்து, கேஸ் வெல்டிங்கில் புள்ளி புள்ளியாகப் பிடித்து, சூட்டில் புடைத்த இடத்தை ஈரத்துணியும் சுத்தியும் டோலியும் கொண்டு சுருக்கி, விளிம்பை மறுபடி மடித்திருப்பார்கள். இருபது வருடம் கழித்து இன்னொருவர் அதையே மறுபடி செய்திருப்பார். கதவைக் கழற்றி உள்பலகையை எடுத்துப் பார்த்தால் இந்த ஒட்டுகள் வயது வாரியாகத் தெரியும்: பித்தளை உருக்கி ஒட்டியது, கேஸில் ஒட்டியது, பிற்கால மின்வெல்டிங். இந்த வரிசையே அந்த வண்டி எந்தக் காலத்தில் எந்த மாதிரிக் கைகளில் இருந்தது என்பதற்குச் சாட்சி.

கதவு இறங்கிவிட்டது என்று பட்டறைக்கு வருகிறவர் கீலைக் குற்றம் சொல்வார். பாதி நேரம் கீல்தான். ஆணி தேய்ந்திருக்கும், லேத்தில் புஷ் போட்டால் தீர்ந்தது. ஹெரால்டில் மீதி நேரம் குற்றம் கதவிலேயே இருக்காது. அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருவேறித் தாழ்ந்தால், அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கும் உடல் நடுவில் தொய்யும், கதவின் மேல்விளிம்பு முட்டும், பூட்டு விழாது. அந்த நிலையில் கதவை இழைத்தோ கீலை வளைத்தோ பூட்ட வைப்பவர் வண்டியைக் கெடுக்கிறார். தெரிந்தவர் முதலில் அடிச்சட்டத்தை நிமிர்த்துவார், பிறகு உடலின் தாங்கிகளில் தகட்டுத் துண்டுகளைச் செருகி உயரம் சரிசெய்வார், கதவைக் கடைசியில்தான் தொடுவார். இந்த வரிசையை எந்தக் கையேடும் இல்லாமல் கற்றவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். கண்ணாடி ஏற்றும் மெஷினின் பற்கள் தேய்ந்தால் பித்தளையால் நிரப்பி அரத்தால் பல் வெட்டியவர்களும் இவர்களே. புதுப்பிக்கும் கலை என்று இன்று வெளிநாட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்து வியப்பவர்கள், அது இங்கே வயிற்றுப்பாட்டுக்கு நடந்த வேலை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கண்ணாடியின் கதை இதற்கு நேர்மாறானது, அதனாலேயே என் வாதத்துக்கு முக்கியமானது. கதவு போனால் கிடைக்காது. கதவுக் கண்ணாடி போனால் இன்றும் செய்யலாம். அறுபதுகளின் கார்களில் பக்கக் கண்ணாடி பெரும்பாலும் தட்டை. பழைய கண்ணாடியையோ அட்டையில் வெட்டிய மாதிரியையோ வைத்துப் புதுக் கண்ணாடியை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, துளை வேண்டுமென்றால் போட்டு, பிறகு உலைக்கு அனுப்பலாம். வரிசை மாறக்கூடாது. 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக்கிக் காற்றால் சட்டென்று குளிர்விக்கும்போது வெளிப்பரப்பு இறுகி உள்ளே இழுவிசை பூட்டப்படுகிறது. அதற்குப் பின் ஒரு மூலையைத் தொட்டாலும் கண்ணாடி முழுவதும் பொடிப்பொடியாகிவிடும். அந்தப் பொடிதான் பாதுகாப்பு, கத்திபோல் சில்லு வராது. முன்கண்ணாடி வேறு சாதி. இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஒரு படலம் வைத்து ஒட்டும் முறைக்கு பிரான்சின் எடுவார் பெனெடிக்டஸ் 1909இல் காப்புரிமை வாங்கினார். ஆண்டுகள் செல்ல அதன் ஓரங்கள் பால்போல் வெளுத்துப் போகும். அது வளைந்திருந்தால் அச்சு வேண்டும், அச்சு வேண்டுமென்றால் எண்ணிக்கை வேண்டும். பெரிய வளைவுக் கண்ணாடிகள் கொண்ட ஸ்டாண்டர்டு 2000, அதைவிட இருபது வயது மூத்த ஹெரால்டைக் காட்டிலும் இந்த விஷயத்தில் அநாதை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிடும் பில்கிங்டனின் முறை 1959இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய இழுத்தெடுத்த கண்ணாடியில் மெல்லிய அலை தெரியும். ஸ்ரீபெரும்புதூர்க் கண்ணாடியை வெட்டிப் போட்டால் அந்த அலை போய்விடும். புதுப்பித்த கார் புதிதாக இருந்தபோது பார்த்ததைவிடத் தெளிவாகப் பார்க்கும். அசல் நிலைக்குத் திருப்பிவிட்டேன் என்பவர் இதற்கு என்ன சொல்வார்?

எதிர்வாதங்கள் உண்டு, முதலாவது பட்டி. டிங்கர் வேலை என்ற பெயரில் துருவின்மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி பூசி, மினுமினுக்கும் பெயின்ட் அடித்து விற்ற வண்டிகள் ஊரெல்லாம் உண்டு. அந்தப் பட்டி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு இன்னும் வேகமாக ஓடும். இதையும் மதிக்கத்தக்க வரலாறு என்கிறீர்களா என்று கேட்கலாம். மறுக்க முடியாது, மோசடி மோசடிதான். ஆனால் பட்டி பூசிய வேலையையும் தகடு தட்டிய வேலையையும் ஒரே கூடையில் போடுவது தவறு. முதலாவது விற்பதற்காகச் செய்தது, இரண்டாவது வைத்துக்கொள்வதற்காகச் செய்தது. காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் எது எது என்று நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் காப்பாற்றச் சொல்வது இரண்டாவதை.

இரண்டாவது எதிர்வாதம் அம்பாசிடரிலிருந்து வரும். 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் நிறுத்தும்வரை அதன் கதவின் உருவம் பெரிதாக மாறவில்லை. 1965 வண்டிக்கு 1995 கதவை மாட்டலாம். கடையில் கிடைக்கும்போது எதற்கு ஒட்டுப்போட வேண்டும்? வசதிதான். ஆனால் இந்த வசதியே அம்பாசிடரின் வரலாற்றை அழித்திருக்கிறது. உருவம் ஒன்றாக இருந்தாலும் உள்பலகையும் பூட்டும் சிறு பாகங்களும் காலந்தோறும் மாறின. கதவை மாற்றியவுடன் அறுபதுகளின் அடையாளங்கள் போய்விடுகின்றன. வெளியே பார்க்கிறவருக்கு எதுவும் தெரிவதில்லை. கதவு கிடைக்காத ஹெரால்டில் பழைய கதவு ஒட்டுகளோடாவது பிழைத்திருக்கிறது. கிடைக்கும் அம்பாசிடரில் அது காயலான் கடைக்குப் போய்விட்டது.

மூன்றாவது எதிர்வாதம்தான் வலுவானது: பாதுகாப்பும் சட்டமும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முன்கண்ணாடியும் ஜன்னல்களும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்கிறது. முன்னும் பின்னும் குறைந்தது 70 விழுக்காடு, பக்கங்களில் 50 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 2553இல் கட்டடக் கண்ணாடிக்கு ஒரு பகுதி, சாலை வாகனக் கண்ணாடிக்கு வேறொரு பகுதி. கட்டடத்துக்குக் கண்ணாடி இறுக்கும் உலையில் ஒற்றை ஆர்டராகச் செய்து வாங்கும் கதவுக் கண்ணாடி பல நேரம் இந்த இரண்டாவது முத்திரை இல்லாமலே வருகிறது. இறுக்காத சாதாரணக் கண்ணாடியை வெட்டிப் போட்டுவிடும் பட்டறைகளும் உண்டு. இதில் என் நிலை தெளிவு: இறுக்காத கண்ணாடியை எந்த வரலாற்றின் பெயராலும் நியாயப்படுத்தக் கூடாது, அது ஆளைக் கொல்லும். கண்ணாடி என்பது தேய்ந்தால் மாற்றவேண்டிய பாகம். அதைப் புதிதாகப் போடுவதால் கார் தன் அசல்தன்மையை இழப்பதில்லை. பழைய கண்ணாடியின் மூலையில் பொறித்த முத்திரையை உடைத்தெறிந்தால்தான் இழக்கிறது. கனமும் கவனிக்க வேண்டிய விஷயம். சேனலும் அடித்தாங்கியும் குறிப்பிட்ட கனத்துக்கு அளவெடுத்தவை. மெலிந்ததைப் போட்டால் சடசடக்கும், தடித்ததைப் போட்டால் மெஷினின் பல் உடையும்.

சட்டம் என்னும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய கார்களையும் இருசக்கர வண்டிகளையும் தனியாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். வணிகத்துக்கு ஓட்டக் கூடாது. நல்ல விதி, தாமதமாகவேனும் வந்ததற்கு மகிழ்ச்சி. ஆனால் வண்டி தன் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், அடிச்சட்டத்திலோ உடல்கூட்டிலோ என்ஜினிலோ பெருமாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கதவின் அடியில் மூன்று தலைமுறைத் தகடு ஒட்டிய ஹெரால்டு அசல் வடிவில் இருக்கிறதா, இல்லையா? உருவத்தை அளவுகோலாகக் கொண்டால் இருக்கிறது. தகட்டை அளவுகோலாகக் கொண்டால் இந்த நகரத்தில் ஒரு காரும் தேறாது. விதியைப் படிப்பவர் முதல் பொருளிலேயே படிக்க வேண்டும் என்பதற்கு, நான் மேலே சொன்ன வரலாறு முழுவதும் ஆதாரம். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும் இந்தப் பக்கமே நிற்கிறது. பயன்பாட்டுக் காலத்தில் வந்த மாற்றங்களை வண்டியின் வரலாறாக மதிக்கவும், செய்த வேலையைப் பதிவுசெய்யவும் அது சொல்கிறது. மிக்கெலோட்டியின் ஊரிலிருந்தே ஹெரால்டுக்கு ஆதரவு வருவது பொருத்தம்தான்.

இதை எல்லாம் ஏழை நாட்டின் சமாளிப்பு என்று சிரிப்பவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். மோரிஸ் மைனரை இறக்குமதித் தட்டுப்பாட்டுக் காலம் முழுவதும் கையால் தட்டித் தட்டியே ஓட்டிய நாடு அது. பிரிட்டனில் மோரிஸ் மைனர் புதுப்பிக்கும் மையம் நடத்திய சார்லஸ் வேர், அந்தக் காரின் உடல் தகடுகளைச் செய்ய 1990களின் தொடக்கத்தில் தேடிப்போனது இலங்கையைத்தான். அங்கே செய்த பாகங்கள் இங்கிலாந்துக் கார்களில் ஏறின. சென்னைக்கும் அப்படி ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம். நான்கு கதவு ஹெரால்டை உலகம் அறியாததால் அந்த வாய்ப்பு வரவில்லை. வடபழனியில் ஏ.வி.எம். வளாகத்தில் 2023இல் திறந்த அருங்காட்சியகமும், கோவையில் ஜி.டி. நாயுடுவின் நினைவில் நடக்கும் ஜீடி கார் அருங்காட்சியகமும் பழைய கார்களைப் பார்க்கும் ஆவலை வளர்த்திருக்கின்றன. அவற்றில் பளபளக்கும் வண்டிகளுக்கு நடுவில், உள்பலகை கழற்றிய ஒரே ஒரு கதவைச் சுவரில் மாட்டிவைத்தால் போதும். சென்னையின் கார் வரலாற்றில் பாதியை அது காட்டிவிடும்.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் கதவுகளின் உள்பலகையைக் கழற்றச் சொல்லி உள்பக்கத்தைப் படம் எடுங்கள். வெட்டியெடுத்த அடித்தகட்டையும், முத்திரையுள்ள பழைய கண்ணாடியையும் டிங்கரிடமிருந்து கேட்டு வாங்கி, தேதி எழுதிக் கட்டிவையுங்கள். வேலை செய்தவர் பெயரை, அவர் சம்மதித்தால், அந்தக் காகிதத்தில் எழுதுங்கள். ஸ்டாண்டர்டு ஆலையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள். நான்கு கதவு வரைபடம் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தால், அது எடைக்குப் போவதற்குமுன் கேட்டு வாங்கிவிடுங்கள்.